எலுமிச்சம்பழ அளவு

"அண்ணே, பூனை சுடறதுக்கு எந்தத் துப்பாக்கிண்ணே நல்லது?"

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கும் தம்பி போன மாதம் என்னிடம் இப்படிக் கேட்டான். கைப்பேசியில் ஒரு காற்றுத் துப்பாக்கியின் படத்தைத் திறந்து வைத்திருந்தான். ஒரே வாரத்தில் அவன் கூண்டில் பதினோரு நாட்டுக்கோழிகள் செத்துக் கிடந்தன. அவனுடைய அம்மா அந்தக் கோழிகளைத் தீபாவளிக்கு விற்கலாம் என்று ஆசையாக வளர்த்திருந்தார். ராத்திரியில் கூண்டைச் சுற்றி ஒரு சாம்பல் பூனை அலைவதைப் பார்த்திருக்கிறான். அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டான்.

நான் சில வருடம் நியூசிலாந்தில் ஓர் ஆட்டுப் பண்ணையில் வேலை செய்தேன், அங்கே துப்பாக்கி பிடித்தேன் என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் என்னிடம் வந்தான். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் இதே கேள்வியோடு வந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் துப்பாக்கி என்ற சொல்லையே தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். தாத்தா ஆங்கிலேயர் ஆட்சியின் அவசரகாலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து எந்தத் தொழிலாளர் லயத்தில் எப்போது சோதனை நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைக் கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். தாத்தா அந்தச் செய்தியைச் சாகும்வரை மறக்கவில்லை. நான் நியூசிலாந்திலிருந்து தொலைபேசியில் "இன்னிக்கு முயல் சுட்டேன்" என்று சொன்னபோது, அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "போலீசுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியும். அங்கே உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தால், உரிமம் இல்லாதவனும் சுடலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. நான் இருந்தது ஒட்டாகோ வட்டாரத்தின் உள்பகுதி. 2009இலிருந்து 2012 வரை. மெரினோ ஆடுகள், மொட்டை மலைகள், மஞ்சள் புல், முயல், முயல், மேலும் முயல். பண்ணைக்காரரை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அறுபது வயது இருக்கும். முதல் இரண்டு மாதம் அவர் என் கையில் துப்பாக்கியைத் தரவே இல்லை. ராத்திரி வண்டியின் பின்னால் நின்று ஒளிவிளக்கைப் பிடிப்பதுதான் என் வேலை. ஒரு ஜோடி கண் மின்னும். "என்ன அது?" என்பார். "பூனை" என்பேன். "எப்படித் தெரியும்?" என்பார். கண் மட்டும்தான் தெரிகிறது என்றால், "அப்படின்னா உனக்குத் தெரியாது" என்று வண்டியை நகர்த்திவிடுவார். அந்த நாட்டில் துப்பாக்கி உரிமம் எடுக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஏழு விதிகள் உண்டு. துளி ஐயமும் இல்லாமல் இலக்கு இன்னதென்று அடையாளம் காண வேண்டும் என்பது நான்காவது. சுடும் திசையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது ஐந்தாவது. நான் முழுசாகக் கற்றுக்கொண்டது இந்த இரண்டையும்தான். மற்றதெல்லாம் பயிற்சியில் வந்தது.

பூனையை ஏன் சுட வேண்டும் என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். நானும் கேட்டேன். அந்தத் தீவுகளில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் பூர்வீகம் கிடையாது. பறவைகள் தரையிலேயே நடந்து, தரையிலேயே முட்டையிட்டு வளர்ந்தவை. பூனை என்றால் என்ன என்று அவற்றுக்குத் தெரியாது. 2010இல் ருவாபேகு மலையடிவாரத்தில் ஓஹாகுனே பக்கம் ஒரே ஒரு பூனை ஒரே வாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குட்டைவால் வௌவால்களைக் கொன்றது. நான் அங்கே இருந்த காலத்தில் இந்தச் செய்திதான் எல்லோர் வாயிலும். பண்ணைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பூனைக் கழிவு வழியாகப் புல்லில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பரவும். அந்தப் புல்லைத் தின்கிற சினை ஆட்டுக்குக் கரு கலைந்துவிடும். எங்கள் பாஸ் ஆடுகளுக்கு அதற்காகவே தடுப்பூசி போடுவார். 2016இல் அந்த அரசாங்கம் எலி, கீரி மாதிரி இருக்கும் ஸ்டோட், வீசல் இனங்கள், பொசம் என்ற மரமேறும் பைப்பாலூட்டி இவற்றையெல்லாம் 2050க்குள் ஒழிப்பது என்று திட்டம் போட்டது. காட்டுப்பூனையையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதாக 2025 கடைசியில் அறிவித்தார்கள். நான் பூனை வளர்ப்பவன். என் மகளின் மடியில் எந்நேரமும் ஒன்று படுத்திருக்கும். ஆனாலும் அந்த மலையில் அந்த வேலை தேவை என்று நான் நம்புகிறேன்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

தம்பியிடம் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். ஒரு பூனையை வலி தெரியாமல் உடனே சாகடிக்க வேண்டுமென்றால், குண்டு விழ வேண்டிய இடம் இந்த அளவுதான். தலை, அல்லது முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுக்கூடு. எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்ற கேள்வியெல்லாம் இந்தப் பழத்திலிருந்துதான் தொடங்குகிறது. எவ்வளவு தூரத்தில், காற்றடித்தாலும், மூச்சு வாங்கினாலும், பத்துக்குப் பத்து தடவை உன்னால் இந்தப் பழத்தை அடிக்க முடியும்? அந்தத் தூரம்தான் உன் தூரம். பெட்டியில் அச்சடித்திருப்பது தோட்டாவின் தூரம். இரண்டும் வேறு.

ஒட்டாகோவில் எல்லார் கையிலும் முதலில் வருவது .22 எல்.ஆர். 1880களிலிருந்து இருக்கும் சின்னத் தோட்டா. ஈயக்குண்டின் எடை 40 கிரேன், அதாவது இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். இதில் இரண்டு வகை. வேகமானது வினாடிக்கு சுமார் 380 மீட்டர் போகும். மெதுவானது 320 மீட்டர். ஒலியின் வேகம் 340 மீட்டர் என்பதால், மெதுவானது சாட்டையடி மாதிரி வெடிக்காமல் போகும். சைலன்சரும் போட்டுவிட்டால், ஊசி தட்டும் 'டிக்' சத்தமும் குண்டு படும் சத்தமும்தான் கேட்கும். அங்கே சைலன்சர் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம், ஆட்டுப் பண்ணையில் எல்லாரிடமும் இருக்கும். சினை ஆடு மிரளக்கூடாது, பக்கத்துப் பண்ணைக்காரர் தூக்கமும் கெடக்கூடாது, அதனால்தான்.

ஆனால் மெதுவான குண்டு சீக்கிரம் தாழும். ஐம்பது மீட்டருக்குக் குறி சரிபார்த்து வைத்தால், நூறு மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும். தூரத்தைப் பத்து மீட்டர் தப்பாகக் கணித்தாலே எலுமிச்சம்பழம் தப்பிவிடும். அதனால் .22ஐ அறுபது, எழுபது மீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குண்டின் முனையையும் பார்க்க வேண்டும். முனை குழிவானதாக இருந்தால் உடம்புக்குள் விரியும், சாவு உடனே வரும். உருண்டை முனைக் குண்டு தைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். பூனை ஓடிப் புதருக்குள் கிடந்து செத்துக்கொண்டிருக்கும். டப்பாக்களைச் சுட உருண்டை முனை போதும். உயிருள்ளதைச் சுட அதை நான் தொடமாட்டேன்.

அடுத்தது .17 எச்.எம்.ஆர். 2002இல் வந்தது. 17 கிரேன் குண்டு, ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல், வினாடிக்கு முக்கால் கிலோமீட்டருக்கு மேல் பாயும். நூற்று ஐம்பது மீட்டர் வரை கோடு கிழித்த மாதிரி போகும். பட்ட இடத்திலேயே உடைந்து சிதறுவதால் கல்லில் தெறித்து எகிறும் ஆபத்து .22ஐ விடக் குறைவு. இத்தனை நல்லது சொன்னாலும் அதற்கு ஒரு எதிரி உண்டு: காற்று. ஒட்டாகோவில் மத்தியானத்துக்கு மேல் மலையிலிருந்து இறங்கும் காற்றில், அந்த லேசான குண்டு நூறு மீட்டரிலேயே எலுமிச்சம்பழத்தை விட்டு விலகிப்போகும். காற்று ஓய்ந்த ராத்திரிக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அதே தோட்டாக்கூட்டின் அண்ணன் .22 மேக்னம், 1959இல் வந்தது. குண்டு கனமானது, கொஞ்சம் வளைந்துதான் போகும், ஆனால் அடி பலம். எங்கள் பாஸுக்கு அதுதான் பிடிக்கும். எனக்கு .17.

.223 ரெமிங்டன் அலமாரியில் இருந்தது. 55 கிரேன் குண்டு, வினாடிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. இருநூறு, இருநூற்று ஐம்பது மீட்டரில் பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் பகலில் நடக்கும் பூனைக்கு அதுதான் சரி. ஆனால் அதன் சத்தம் மலையெல்லாம் எதிரொலிக்கும். ஒரு வெடி வைத்தால் அந்தப் பள்ளத்தாக்கில் அன்றைக்கு வேறெதுவும் வெளியே வராது. தானாகவே அடுத்த தோட்டா ஏறும் வகைகளை எங்கள் பாஸ் வைத்துக்கொள்ளவே மாட்டார். கையால் போல்ட்டை இழுக்கும் துப்பாக்கிதான். "இரண்டாவது தோட்டா சீக்கிரம் வரும்னு தெரிஞ்சா முதலாவதை அவசரப்பட்டுச் சுடுவே" என்பார். என் அனுபவத்தில் அது அப்படியே உண்மை.

தோட்டா வாங்குவதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். .22 துப்பாக்கிக்கு நாக்கு உண்டு, எல்லாத் தோட்டாவையும் அது ஏற்காது. நாங்கள் ஐந்து வகை வாங்கி, காற்றில்லாத காலையில் ஐம்பது மீட்டரில் காகிதம் கட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டோம். விலை கூடியது தேநீர்த் தட்டு அளவுக்கு இறைந்தது. இரண்டாவது மலிவானது ஐந்தும் ஒரே துளை மாதிரி, நம் இருபது காசு நாணயத்துக்குள் விழுந்தது. அப்புறம் பாஸ் கடைக்குப் போய் அதே தயாரிப்பு எண் போட்ட பெட்டிகளாகப் பார்த்து மொத்தமாக வாங்கி வந்தார். எண் மாறினால் குறியும் கொஞ்சம் மாறும். அதே பெயர் போட்ட பெட்டிதானே என்று நம்பி வாங்கினால், அதற்கான வலியைப் பூனைதான் பட வேண்டும்.

வலி என்று எழுதும்போது எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வருகிறது. 2011, ஆகஸ்ட் குளிர். பாஸ் பக்கத்தில்தான் இருந்தார். கம்பி வேலி ஓரத்தில் ஒரு பெரிய ஆண்பூனை. நான் எண்பது மீட்டர் என்று நினைத்தேன். கையில் மெதுவான .22. பூனை என்பது தெளிவாகத் தெரிந்தது, பின்னால் மண்மேடு, எல்லாம் சரி. சுட்டேன். பூனை துள்ளி விழுந்து எழுந்து ஓடியது. காலடி வைத்து அளந்தபோது நூற்றுப் பதினைந்து மீட்டர். குண்டு இடுப்பில் பட்டிருந்தது. பாஸ் ஒரு வார்த்தை திட்டவில்லை. விளக்கை என் கையில் கொடுத்து "தேடு" என்றார். உறைபனியில் இரண்டு மணி நேரம் ரத்தத்துளியைப் பின்பற்றிப் போனேன். பாறை இடுக்கில் அது முனகிக்கொண்டிருந்தது. முடித்துவைத்தேன். அந்த முனகல் இன்னும் எனக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு பகலில் வேலி ஓரமெங்கும் ஐம்பது மீட்டருக்கு ஒரு வெள்ளைக்கல் நட்டோம். கல்லுக்கு அப்பால் நிற்பதை .22ஆல் சுடுவதில்லை. போகப்போகப் பூனைக்குக் கூண்டுப் பொறியையே அதிகம் வைத்தோம். பொறியில் விழுந்த பூனையைக் கிட்டத்தில் பார்க்கலாம், கழுத்துப்பட்டையோ தோலுக்கடியில் சிப்போ இருந்தால் வீட்டுக்காரரைத் தேடலாம். காட்டுப்பூனைதான் என்று உறுதியானால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரே குண்டு. வலியும் இல்லை, தவறும் இல்லை.

இதையெல்லாம் கேட்ட தம்பி, "அப்படின்னா நமக்கு இந்தக் காத்துத் துப்பாக்கி போதும்தானேண்ணே? கிட்டத்துலதானே?" என்றான்.

போதாது. அவன் காட்டிய மாதிரித் துப்பாக்கிக்கு .22இன் பத்தில் ஒரு பங்கு பலம்தான். எலிக்குச் சரி. பூனையைக் காயப்படுத்தத்தான் உதவும். நான் அந்தப் பாறை இடுக்கில் கேட்டதை அவன் தன் வீட்டுக் கால்வாயில் கேட்பான். அதோடு, நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான், போலீஸ் உரிமம் வேண்டும். உதிரியாகப் பிரித்து அஞ்சலில் வருகிறது என்பதால் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்து 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாட்டினால் பதினாலு வருடம் வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. பூனையை வதைத்த குற்றம் தனி. 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தில் அபராதமே இருபதாயிரம் வெள்ளியில் தொடங்கி ஒரு லட்சம் வரை போகும். பதினோரு கோழிக்கு இது தேவையா என்று அவனைக் கேட்டேன். அவனுடைய அம்மா உள்ளேயிருந்து "நல்லாச் சொல்லுய்யா" என்றார்.

சட்டத்தை விட எனக்குப் பெரிய பயம் இடத்தைப் பற்றியது. ஒட்டாகோவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. குண்டு தப்பினால் மண் வாங்கிக்கொள்ளும். .22 தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எச்சரிக்கை போட்டிருப்பார்கள். பாடாங் செராயில் எந்தப் பக்கம் ஒன்றரை மைல் மனிதர் இல்லாமல் இருக்கிறது? இந்தப் பக்கம் பழைய லயம், அந்தப் பக்கம் புதுத் தாமான் குடியிருப்பு, நடுவில் கோயில், பின்னால் ரப்பர். செம்பனை அடிமரத்தில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. ரப்பர்க் காட்டில் விடிவதற்கு முன்னாலேயே நெற்றி விளக்கோடு ஆள் பால் வெட்டிக்கொண்டிருப்பான். அடுத்த மரத்துக்கு நகரும்போது அந்த விளக்கு தாழ்ந்து எழும். ஒளிவிளக்கோடு கண்ணைத் தேடுகிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்தாலே எனக்கு உடம்பு சில்லிடுகிறது.

அப்புறம் குற்றவாளி யார் என்ற கேள்வி. செத்த கோழிகளைப் பற்றித் தம்பியிடம் விசாரித்தேன். பாதிக்கு மேல் தலையும் கழுத்தும் மட்டும் தின்னப்பட்டு, உடம்பு அப்படியே கிடந்ததாம். எனக்கு மூசாங் மேல் சந்தேகம் வந்தது. மரநாய் என்று நாம் சொல்வதைத்தான் இங்கே எல்லாரும் மூசாங் என்கிறார்கள். என்னிடம் ஒரு தானியங்கிக் கேமரா இருந்தது, அதைக் கூண்டுக்கு எதிரே தூணில் கட்டினோம். முதல் இரண்டு ராத்திரி எலிதான், தீவன மூட்டையில் கூட்டம் கூட்டமாக. மூன்றாம் ராத்திரி சாம்பல் பூனை வந்தது. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, ஓர் எலியைக் கவ்விக்கொண்டு போனது. கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்காம் ராத்திரி மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, சுவருக்கும் தகரக்கூரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியில் நீளமான வால் ஒன்று உள்ளே போனது.

துப்பாக்கிக்கு எடுத்து வைத்த காசில் கால்வாசி கூடச் செலவாகவில்லை. அரை அங்குலக் கண் வைத்த கம்பிவலையைக் கூரைக்கடியில் சுற்றி அடித்தோம், மலைப்பாம்பு நுழையாமலும் உடும்பு தோண்டி வராமலும் தரைக்குச் சிமெண்டு பூசினோம், தீவனத்தை மூடி போட்ட டிரம்முக்கு மாற்றினோம். மூன்று வாரமாகக் கோழி குறையவில்லை.

போன வாரம் ஒரு நாள் விடிவதற்கு முன் அவனோடு கூண்டைப் பார்க்கப் போனேன். கையில் டார்ச் மட்டும்தான். கூண்டைத் தாண்டி, ரப்பர் மரங்கள் தொடங்கும் வரப்பில் ஒரு ஜோடிக் கண் மின்னியது. "பூனைண்ணே" என்றான். நான் பேசவில்லை. அது வாயில் எலியைக் கவ்வியிருந்தது. வெளிச்சத்துக்கு முகத்தைத் தூக்கியபோது நெற்றியில் இரண்டு கறுப்புக்கோடு ஏறிப்போனது. உடம்பெல்லாம் புள்ளி. திரும்பி நடக்கும்போது இரண்டு காதின் பின்னாலும் வெள்ளைப் பொட்டு. மலாயில் குச்சிங் பத்து, தமிழில் சிறுத்தைப்பூனை. செம்பனையிலும் ரப்பரிலும் எலியைத் தின்றே வாழ்வது, சட்டம் முற்றாகப் பாதுகாக்கும் விலங்கு. எடையும் உயரமும் வீட்டுப்பூனை அளவுதான். கண்ணை மட்டும் பார்த்திருந்தால் எனக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

அது போன திசையில், மரங்களுக்கு நடுவே, நெற்றி விளக்கு ஒன்று தாழ்ந்து எழுந்தது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். விடிந்ததும் அவனே வரப்பிலிருந்து அந்த ஆள் நின்ற மரம் வரை நடந்து அளந்தான். தொண்ணூற்றாறு காலடி.